டும் டப்பா

1984 ஜனவரி 5, வியாழன்

பனி. எட்டு மணி வரை ரயில் பாலம் தெரியவில்லை. காற்று தோல் பதனிடும் ஷாப் பக்கமிருந்து, ஒரே நாற்றம். மாடியில் துணி காயப்போடவில்லை.

பத்தாம் வகுப்பு பௌதிக விடைத்தாள் 41. தொடவே இல்லை.

நான் செய்யும் எலக்ட்ரிக் டிரம், டும் டப்பா, வாய் திறந்துவிட்டது! மூன்று வாரமாக மௌனம் சாதித்தது, இன்று மதியம் பள்ளி ஆய்வகத்தில், ஜன்னல் வெயிலில், "டூம்ம்". ஒரு டிரான்சிஸ்டர், மூன்று கண்டென்சர், அவ்வளவுதான். தட்டினால் அதிர்ந்து அடங்குகிறது. குமிழைத் திருகினால் சின்ன டிரம், இன்னும் திருகினால் பெரிய டிரம். தோலே கிடையாது, ஆம்பூரில்! ஐம்பது தடவை தட்டியிருப்பேன். பியூன் எட்டிப் பார்த்தார். "இன்னா டீச்சர், உள்ள யாராவது மாட்டிக்கினாங்களா?"

டப்பா ரஹீமுக்காக. அண்ணனின் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் அவன்தான். போன மாதம் தோல் சீவும் மெஷினில் வலது கை விரல் இரண்டு போய்விட்டது. குச்சி பிடிக்க முடியாது. அண்ணன் வேலூரில் வேறு ஆளைச் சொல்லி வைத்திருக்கிறான். ஞாயிறு ஒத்திகை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன்.

இங்கேயாவது உண்மை எழுதலாம். ரஹீமின் கையைவிட டப்பா மேல்தான் எனக்கு அக்கறை ஜாஸ்தி. வெட்கக்கேடு.

ஜனவரி 7, சனி

இப்போது மூன்று பால்பவுடர் டின்கள். ஒயரால் எதையும் எதோடும் கோக்கலாம்.
1. டும்.
2. இரைச்சல். குக்கர் விசில் வருவதற்கு முன் வருமே, அந்த "உஷ்ஷ்".
3. கதவு. தட்டும்போது மட்டும் இரைச்சலை வெளியே விடும்.

2, 3 சேர்ந்தால் சைடு டிரம். ஒயரை மாற்றிக் குத்தினேன், மழையில் தகரக் கூரை! எதற்கு உதவும் என்று தெரியவில்லை. குறித்து வைக்கிறேன்.

தட்டும் தட்டு: அதிர்வை மின்சாரமாக்கப் பழைய ரெக்கார்டு பிளேயர் முள்ளின் கிரிஸ்டல், மேலே ஷூ தோல் துண்டு. தோல் ரஹீம் கொண்டுவந்தது. (தோலே கிடையாது என்று முந்தாநாள் பீற்றிக்கொண்டவள் நான்.) மதியம் அவன் வலது மணிக்கட்டால் லேசாகத் தட்டினான். டூம்ம். அழுத்தித் தட்டினான். டூம்ம்ம்! அரை மணி நேரம் வாசித்தான். அப்புறம், "டீச்சர், நாளைக்கும் இப்டியே பேசுமா?"

"பேசாம எங்க போகும்?" என்றேன். பெரிய மேதாவி.

ஜனவரி 8, ஞாயிறு

ஒத்திகை, காலை ஆறரை, மண்டிக் கொட்டகை. குளிர் எலும்பு வரை.

ரஹீம் தட்டினான். "டொக்." மறுபடி. "டொக்." மரக்கட்டையைத் தட்டியதுபோல. குமிழ், பேட்டரி, ஒயர் எல்லாம் பார்த்தேன்.

அண்ணன்: "விடு மாலா. நான் வேலூருக்குச் சொல்லிட்டு வர்றேன்." செருப்பை மாட்டிவிட்டான்.

ரஹீம் டின்னைத் தூக்கிக்கொண்டு நேரே டீக்கடை அடுப்புக்குப் போனான். கணப்பில் காட்டுகிறான், திருப்பித் திருப்பி! நான் எல்லார் முன்னாலும் கத்தினேன். "அறிவிருக்கா உனக்கு? அது இன்னா தோலா?"

"குளுர்ல டோலக்கு இப்டித்தான் டீச்சர் டொக்குன்னும். காட்டுனா சரியாய்டும்."

கொண்டுவந்து மாட்டினான். டூம்ம்ம்.

அண்ணன் செருப்போடு நின்றான்.

குளிரில் டிரான்சிஸ்டரின் பலம் கம்மி. அதிர்வு உடனே செத்துவிடுகிறது. சூடு ஏறினால் நீள்கிறது. வெப்பத்தைப் பற்றி வருஷா வருஷம் பாடம் நடத்துகிறேன். டப்பாவைப் பேச வைத்தது வியாழன் ஜன்னல் வெயிலும், சனி மதியச் சூடும்தான், நான் இல்லை.

ரஹீமிடம் மன்னிப்பு கேட்டேன். "அட வுடுங்க டீச்சர்." அவன் காது மடல் சிவந்திருந்தது, என் பேச்சாலா அடுப்பாலா தெரியவில்லை.

ஜனவரி 10, செவ்வாய்

நாலாவது டின். உள்ளே ஸ்கூட்டர் பின்விளக்கு பல்பு, வெளியே நீள ஒயரில் சுவிட்ச். டும் டின்னோடு ஒட்டி வைத்துப் போர்வை சுற்றினால் பத்து நிமிடத்தில் சூடு. ஜாஸ்தி விட்டால் தட்டாமலே ஊளையிடுகிறது. எத்தனை நிமிடத்தில் என்று பார்க்க மூன்று தடவை ஊளையிட வைத்தேன். பக்கத்து வீட்டில் பேஜார்.

டின்களில் நெயில்பாலிஷால் பெயர். டும், இரைச்சல், கதவு, ரஹீம்.

விடைத்தாள் 41. இன்னும்.

ஜனவரி 16, திங்கள்

குடியாத்தம் கச்சேரி. சாயங்காலமே பனி இறங்கிவிட்டது. முன்வரிசையில் உட்கார்ந்தேன்.

அண்ணன் மைக்கில் ஒவ்வொருவராகச் சொன்னான். கடைசியில், "டிரம்ஸ், நம்ம ரஹீம்!" கைதட்டல். பிறகு சலசலப்பு. மேடையில் டிரம்ஸே இல்லை, மடியில் போர்வையோடு ஒருவன்.

பக்கத்தில் இருந்த அம்மா: "இன்னாம்மா இது, டிரம்ஸ்காரருக்கு ஜுரமா?"

"இல்லம்மா. டிரம்ஸுக்குத்தான் குளுரு."

அவன் கால் கட்டைவிரலால் கீழே கிடந்த பல்பு சுவிட்சை அணைத்தான். மணிக்கட்டைத் தூக்கினான்.