மாட்டு வகுப்புக்கு மண்டபம் கிடைத்த விபரம்

பலாபத்வல,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு.

அன்புள்ள மகள் றமீஸாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் இங்க எல்லாரும் சுகம், மெல்பன் குளிர்ல நீயும் தடிமன் இருமல் இல்லாம இருக்கணும்னு ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்கிறேன். உன் வாப்பா மௌத்தான நாளிலிருந்து உன்னை வளர்த்த சாச்சா நான், நீ கேட்ட காரியத்தை விட்டிடுவேனா. பொம்பளைப் புள்ளைகளுக்கு வகுப்பு வைக்க மத்ரஸா மண்டபமும் இருபது உம்மாமார் கையெழுத்தும் இல்லாட்டி யூனிவர்சிட்டி உன்னை டிசம்பர்ல இங்க அனுப்பாதுன்னு எழுதியிருந்தாய். நேரா பள்ளித் தலைவர் ஸஹாப்தீன் ஹாஜியாரிடம் போனேன். எங்க மகள் இனப்பெருக்கம் படிக்கிறா, ஊருக்கு வந்து சொல்லிக் கொடுக்கப் போறான்னு சொன்னேன். அந்தச் சொல்லை மிருக வைத்தியர் கந்தோர் போர்ட்ல எத்தனை தரம் வாசிச்சிருக்கேன், எனக்குத் தெரியாததா. மெல்பன்ல உன் மேற்பார்வையில ஒரு மாடு நாளைக்கு அறுபது லீட்டர் கறக்குதுன்னும் ஒரு வார்த்தை சேர்த்துக்கிட்டேன். ஹாஜியார் அந்த இடத்திலேயே மண்டபப் பூட்டுத் திறப்பைத் தந்திட்டார்.

போன சனிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு, நீ அனுப்பின படங்களை வைச்சு முதல் வகுப்பை நடத்த நம்ம ஏரியா மிட்வைஃப் மிஸ் வந்தா. ஐந்நூறு பேர் சனம். எழுபதுதான்னு உன் சாச்சி சொல்றா, அவளுக்கு எண்ணத் தெரியாது. ஹாஜியார் தன்ட சிவப்பு மாட்டையே கூட்டிக்கிட்டு வந்து கேட்ல கட்டினார். மிஸ் கர்ப்பப்பைப் படத்தை விரிச்சதும் பால்கார முஸம்மில் எழும்பி, இது எந்தச் சாதி மாட்டுடையதுன்னு கேட்டான். உங்க வீட்டுல சோறாக்குறவங்களுடையதுன்னு மிஸ் சொல்லிட்டா. ஆம்பிளைகள் செருப்பைத் தேடின வேகத்தை நீ பார்த்திருக்கணும், ஒருத்தன் ரெண்டும் இடதுகாலாப் போட்டுக்கிட்டுப் போனான். ஹாஜியார் முகம் கறுத்து, மர்சூக், கொண்டா திறப்பைன்னு கையை நீட்டினார். அப்பதான் பொம்பளைகள் இருந்த திரைக்கு அந்தப் பக்கமிருந்து அவர் பொஞ்சாதி நிஷ்மியா, மாட்டுக்குன்னா மண்டபம், எங்க புள்ளைகளுக்குன்னா இல்லையான்னு கேட்டா. பொம்பளைகள் ஒருத்தரும் எழும்பல்ல. போன வருஷம் உன் தங்கச்சி ஷஸ்னா பெரிய புள்ளையானப்ப, மௌத்தாகப் போறேன்னு நினைச்சு மூணு நாள் யாருக்கும் சொல்லாம அழுதிருக்கா, அதை உன் சாச்சி அந்த இடத்துலதான் சொன்னா. என்னிடம் அவளுக்குக் காய்ச்சல்னுதான் சொல்லியிருந்தாங்க, மகள். திறப்பை நான் கொடுக்கல்ல.

இருபத்து மூணு கையெழுத்து, இதோட வைச்சிருக்கேன். ரெண்டு நாளா ஹாஜியாருக்கு வீட்டுல ஒரு கோப்பை ப்ளேன்டி கூடக் கிடைக்கல்லன்னு கேள்வி. மூணாம் நாள் வந்து, மண்டபத்தைப் பாவிச்சுக்கோங்க, ஆனா பள்ளிக் கொப்பியில மாடு வளர்ப்பு வகுப்புன்னு எழுதினதை வெட்ட மாட்டேன்னார். இதெல்லாம் நான் முதலே போட்ட திட்டம்னு ஊர்ல சொல்லி வைச்சிருக்கேன், கேட்டா நீயும் அப்படியே சொல்லு.

அல்லாஹ் உன் படிப்பில பறகத் செய்வானாக, நேரத்துக்குச் சாப்பிடு. மறக்காம, வரும்போது பெரிய மாட்டுப் படம் ஒண்ணு கொண்டு வா. வாசலுக்கு நேரா தொங்கவிடுவோம். எட்டிப் பார்க்கிற ஆம்பிளைகள் அதைப் பார்த்துட்டுப் போகட்டும், உள்ளுக்கு நீங்க பேசுங்க.

உன்னை வளர்த்த சாச்சா,
மர்சூக்