கதவு போட்டதும் டீ குடிக்கலாம், பிலோமி

வாய்ச் சண்டைக்கு ஆளில்லாமல் என்னைத் தவிக்கவிட்டுப் போன என் பிலோமிக்கு,

நேற்று கல்லறைத் திருநாள். உன் கல்லறைக்கு உன் மகள் ஸ்டெல்லா வெள்ளையடித்து, சாமந்தி மாலை போட்டிருந்தாள். மழைக்காற்றில் மெழுகுவத்தி நிற்கவேயில்லை. கடைசியில் அவளே ஒரு தண்ணீர் பாட்டிலை வெட்டி, அதற்குள் ஏற்றி வைத்தாள். உன் புத்தி அப்படியே. உப்பளமெல்லாம் மழைத்தண்ணீர் நிற்கிறது, தை வரை யாருக்கும் வேலையில்லை. அதனால் நம் பெண்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்கள் என்றால் நீ நம்புவாயா? "உக்காருங்கடி!" என்று கத்த வேண்டியதாகிவிட்டது.

ஆமாம், எம்.எல்.ஏ. ஆகிவிட்டேன். ஓட்டு எண்ணிய அன்று நீ இல்லை. அதை மட்டும் இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. கூட்டணியில் நம் உப்பளப் பெண்கள் சங்கத்துக்கு ஒரு சீட் என்றபோது எல்லோரும் உன்னைத்தானே பார்த்தார்கள்? நீ என்னைக் கை காட்டினாய். "நான் பேசுனா சண்ட வரும், இவ பேசுனா ஓட்டு வரும்." அப்போதே உனக்கு உடம்பு முடியவில்லை என்பது எனக்கு ஏன் தெரியாமல் போனது?

டாக்டர் கேட்டது காதிலேயே நிற்கிறது. "ஏம்மா, தண்ணியே குடிக்க மாட்டீங்களா?" உனக்குக் கிட்னி இரண்டும் போன பிறகு கேட்கிற கேள்வியா அது? கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பாத்தி, ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஆண்கள் வரப்போரம் திரும்பி நின்றுகொள்வார்கள். நாமெல்லாம் விடியற்காலையில் இறங்கினால் வேலை முடிகிறவரை வாயில் தண்ணீர் படாமல் அந்த வெயிலில் உப்பு வாரினோம்.

நாம் முதன்முதலில் மனு கொடுக்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? அதிகாரி எல்லோருக்கும் டீ வரவழைத்தார். நான் கையை நீட்டிவிட்டேன். நீ தட்டிவிட்டாய். "வேணாங்க சார். குடிச்சா எங்க போறது? அளத்துல ஒரு எடம் கட்டிக் குடுங்க, அப்புறம் வந்து குடிக்கிறோம்." அவர் முகம் போன போக்கு! அன்றிலிருந்து அதுவே சங்கத்தின் சட்டமாகிவிட்டது. அனுமந்தை, பிரம்மதேசம் என்று ஊர் ஊராக, வீடு வீடாக ஏறி இறங்கி ஆள் சேர்த்தபோது நீ முதலில் சொன்னது சந்தாவைப் பற்றியில்லை, இதைத்தான். கழிப்பறை வரும்வரை எந்த ஆபீசிலும் டீ கிடையாது. எத்தனை ஆபீஸ்களில் டம்ளர் ஆடை படிந்து ஆறிப்போனதைப் பார்த்தோம்!

சரி, இப்போது நடந்ததைக் கேள். ஜெயித்ததும் நம்மூரில் ஆபீஸ் திறந்தேன். முதலில் வந்தது நம் பெண்கள்தான். ஸ்டெல்லா முன்னால். இப்போது சங்கத்துக்கு அவள்தான் தலைவி. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏலக்காய் தட்டிப் போட்டு நானே டீ போட்டேன். தட்டை நீட்டினால் ஒரு கை வரவில்லை.

"என்னாடி, நானும் ஆபீசரா?" என்றேன்.

"எடம் இன்னும் வரலீங்களே, எம்.எல்.ஏ. அம்மா" என்றாள் உன் மகள்.

பிறந்த அன்றே நான் கையில் வாங்கிய பிள்ளை. சித்தி, சித்தி என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு திரிந்தவள். எம்.எல்.ஏ. அம்மாவாம்! எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. அவர்கள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் நீயும் அந்த டீயைத் தொட்டிருக்க மாட்டாய். எனக்கு அது நன்றாகத் தெரியும்.

பிறகென்ன, அந்தக் கழிப்பறைக்காகச் சென்னைக்கும் இங்குமாக அலைந்தேன். நிலம் ஒரு துறையினுடையதாம், வண்டிப்பாதை இன்னொரு துறையினுடையதாம். அமைச்சர் அறைக்குப் போனால் முதலில் டீ வந்தது. வேண்டாம் என்றேன். "சுகராம்மா? சக்கர போடாம கொண்டாரச் சொல்றேன்" என்றார். அதுவும் வந்தது, அதையும் தொடவில்லை. அடுத்த தடவை போனபோது கிரீன் டீ வந்தது, பிலோமி! அப்புறம்தான் உன் கதையைச் சொன்னேன். மனிதர் தன் டம்ளரையும் கீழே வைத்துவிட்டார்.

அவையில் பேச நேரம் கிடைத்தது. எழுதிக் கொடுத்திருந்த தாளில் 'சுகாதார வளாகம்' என்று இருந்தது. "நாசூக்கா சொன்னா எவனுக்கும் ஒறைக்காது" என்பாயே, அது நினைவுக்கு வந்தது. தாளை மடித்து வைத்தேன். "எங்க பொம்பளைங்களுக்கு ஒண்ணுக்குப் போக ஒரு எடம் வேணுங்க" என்றேன். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதிர்வரிசையில் ஒரு அம்மா, அதுவரை என்னிடம் முகம் கொடுத்துக்கூடப் பேசாதவர், மேசையைத் தட்டினார். அடுத்து இன்னொருவர், அப்புறம் அங்கிருந்த பெண்கள் எல்லோரும். சிரிப்பு அடங்கிவிட்டது.

உத்தரவு வந்து, வேலையும் நடக்கிறது. நீ கூடையை இறக்கிவைத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாயே, அந்த மேட்டில்தான். சுவர் எழும்பிவிட்டது, மேலே தண்ணீர்த் தொட்டியும் ஏற்றியாகிவிட்டது. கதவுதான் பாக்கி. உப்புக்காற்றுக்கு இரும்பு தாங்காது, பிளாஸ்டிக் கதவுதான் வேண்டும் என்று ஸ்டெல்லா ஒற்றைக்காலில் நிற்கிறாள். குடையும் கையுமாகத் தினமும் போய்ப் பார்க்கிறாளாம். கான்ட்ராக்டர் என்னிடம் வந்து புலம்பினார். "அந்தப் பொண்ணுகிட்ட கொஞ்சம் சொல்லி வைங்கம்மா." அவள் அம்மாவிடம் நான் பட்ட பாடு அவருக்கு எங்கே தெரியும்?

நேற்று கல்லறையிலிருந்து திரும்பும்போது மழை வலுத்துவிட்டது. எல்லோரும் என் ஆபீசுக்குள் ஒதுங்கினார்கள். பழக்க தோஷம், டீ போட்டுவிட்டேன். ஸ்டெல்லா டம்ளரைக் கையில் எடுத்தாள். குடித்துவிடுவாள் என்றே நினைத்தேன். குளிருக்கு உள்ளங்கையை மட்டும் சூடாக்கிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டாள்.

"கதவு போட்டதும் குடிக்கிறோம், சித்தி."

அந்த ஆபீசுக்குள் அவள் என்னைச் சித்தி என்றது அதுதான் முதல் தடவை.

தை பிறந்ததும் பாத்தியில் இறங்குவார்கள். அன்று காலை அந்த மேட்டில் நானே அடுப்பு மூட்டி, பெரிய பாத்திரத்தில் டீ போடுகிறேன். அதுவரை எந்த ஆபீசிலும் எனக்கும் டீ கிடையாது. இது உன்மேல் சத்தியம், பிலோமி. முதல் டம்ளர் உன் மகளுக்கு. அவள் இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடிக்கட்டும். பயமில்லாமல் குடிக்கட்டும்.

ஸ்டெல்லாவின் சித்தி,
செல்வி