மூன்றாம் வருசத்துக்கு ஒரு அரளிப்பூ

திருச்சுழி
3-7-1991

அன்பு மருமகள் செல்லக்கிளிக்கு உன் தாய்மாமன் உக்கிரபாண்டி எழுதிக்கொண்டது. இங்கே மழையைத் தவிர மற்றவர்கள் எல்லாரும் சௌக்கியம்.

பி.காம். மூன்றாம் வருசத்துக்கு விருப்பப் பாடம் எழுதிக் கொடுக்கிற விண்ணப்பப் பாரம் வந்து சேர்ந்தது. உன் அப்பா, "மச்சான் கையெழுத்துப் போட்டாத்தான் எடுபடும்" என்று என்னிடமே தந்துவிட்டார்.

நான் எட்டாப்புதான். ஆனாலும் மதுரைக்குக் கரி லோடு கொண்டுவந்த அன்று, உன் கல்லூரி வாசல் டீக்கடையில் நின்று நாற்பது பையன்களையாவது விசாரித்திருப்பேன். எந்தப் பாடம், எதற்காக எடுத்தாய் என்றுதான் கேட்டேன். "கூட்டாளி எடுத்தான், நானும் எடுத்தேன்" என்றான் ஒருத்தன். "அந்த வாத்தியாரு அட்டெண்டன்சே எடுக்க மாட்டாரு" என்றான் இன்னொருத்தன். "அந்தக் கிளாசு கீழ இருக்கு, மாடி ஏற வேண்டாம்ல" என்கிறான் ஒரு தடியன். தூ! சந்தையில் ஆட்டுக்குட்டி வாங்குகிறவன்கூடப் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான். பிழைப்பை வாங்க வந்த இவன்கள் நிழல் எந்தப் பக்கம் என்று பார்க்கிறான்கள்.

நீ விற்பனைப் பாடம் வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். பை தூக்கிக் கடை கடையாக ஏறவா? அதனால் அம்மன் கோயிலில் இரண்டு பொட்டலம் மடித்துப் பூக்கட்டிப் பார்த்தேன். வெள்ளை அரளி வந்தால் விற்பனை, சிவப்பு வந்தால் பேங்குப் பாடம். பூசாரி காளிராஜ் எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. அம்மன் சன்னதியில் அப்போது மணி தானாக அடித்தது. பேங்கு என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மாமன் உக்கிரபாண்டி

மதுரை
8-7-1991

மரியாதைக்குரிய மாமாவுக்கு,

நலம். நீங்கள் வெள்ளிக்கிழமை வரவில்லை. அத்தை கடிதம்தான் வந்தது. பூசாரி எடுக்காத பொட்டலத்தை வீட்டில் பிரித்தார்களாம். அதிலும் சிவப்பு அரளிதானாம்.

அந்தப் பையன்கள் சோம்பேறிகள்தான். ஆனால் அவர்களில் ஒருவன்கூட அம்மனை ஏமாற்றவில்லை. மருமகள் பேங்கு மேனேஜர் ஆகப்போகிறாள் என்று பாளையம்பட்டி டீக்கடை வரை சொல்லிவிட்டீர்களாமே. உங்கள் வாசலில் நாலு பேர் லோனுக்கு நிற்க வேண்டும், அதற்கு நான் ஒரு பாடம் படிக்க வேண்டும். கீழ்த்தளத்துக்காகப் படிக்கிறவன் இதற்கு எவ்வளவோ மேல்.

விற்பனைப் பாடத்தை நான் ஏன் கேட்டேன் என்று நீங்கள் விசாரிக்கவே இல்லை. நாம் விறகை மூட்டம் போட்டு எரித்து எடுக்கிற கரி மதுரைக் கடையில் மூன்று மடங்கு விலைக்குப் போகிறது. விலை சொல்கிறவர் யாரோ. புகை தின்கிறவர்கள் நாம். அது எப்படி என்று தெரிந்துகொள்ளத்தான்.

பதினைந்தாம் தேதி கடைசி நாள். அதற்குள் பாரம் வராவிட்டால் கல்லூரியே ஏதாவது ஒன்றில் தள்ளிவிடும். அப்படி நடந்தால் உங்கள் வீட்டு வாசல் மிதிக்க மாட்டேன்.

செல்லக்கிளி

திருச்சுழி
11-7-1991

மருமகளுக்கு,

இரண்டிலும் சிவப்பு வைத்தது உன்னைச் சோதிக்கத்தான். திருச்சுழி வட்டாரத்தில் இப்படி ஒரு பரீட்சை வைத்தவன் நான் ஒருவன்தான். நீ தேறிவிட்டாய். உன் அத்தைக்குத்தான் மூளை போதாது, பொட்டலத்தைப் பிரித்துக் கெடுத்துவிட்டாள்.

பேங்கு என்று எழுதியதை அடித்து, விற்பனை என்று எழுதி, பக்கத்தில் இன்னொரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். பாரம் இதோடு இருக்கிறது. பேங்குக்காரன் என்ன பெரிய இவன், ஊரான் காசுக்குக் காவல் இருக்கிறவன்தானே. டீக்கடையில் அப்படியே சொல்லிவிட்டேன்.

கரி மூன்று மடங்காகிற விசயம் எனக்கு இருபது வருசமாகத் தெரியும். உன் வாத்தியாருக்குத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் கேட்கிறேன்: இடையில் யார் யார் கை வைக்கிறார்கள் என்று அவர் சொல்லுகிறதை ஒன்று விடாமல் எழுது. இன்லண்டில் வேண்டாம், கவரில் போட்டு ஒட்டி அனுப்பு. அத்தை பிரித்துவிடுவாள்.

மாமன் உக்கிரபாண்டி