பெட்டியில் ஐம்பது மீட்டர் என்று போட்டிருந்தது

நவம்பர் 4

தினோ, இன்றைக்கு உன் பூக்களை மாற்றிவிட்டு வந்தேன். கல்லறைத் திருநாளுக்கு வைத்த சாமந்தி எல்லாம் காற்றில் உதிர்ந்துவிட்டது. கல்லில் உன் பெயரை முழுசாக செக்குந்தினோ என்று வெட்டியிருக்கிறார்கள். யாரோ வேற்றாள் படுத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

தூக்கம் வராவிட்டால் மனதில் இருப்பதை எழுதுங்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்கு எழுத்து ஒழுங்காக வராது, உனக்கே தெரியும். நீதானே படிக்கப் போகிறாய், பரவாயில்லை.

நம் மகள் ஊஷியா சுவிட்சர்லாந்து ஹோட்டல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். மீனவர் சங்கத்தில், அலைப் பாறையில் ஒட்டி வளர்கிற பெர்சேபேயைச் சுரண்டி எடுத்து விற்கிற உரிமமும் வாங்கிவிட்டாள். உன் சுரண்டி, உன் கயிறு, எல்லாவற்றையும் கொட்டகையிலிருந்து எடுத்து எண்ணெய் போட்டு வைத்திருக்கிறாள்.  

நவம்பர் 9

இன்று முதல் நாள் பாறைக்குப் போனாள். கிளம்பும்போது கேட்டேன்.

"உனக்கு யாருடி கத்துவாங்க?"

"இது கத்தும்மா." மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள். உனக்கு வாங்கியபோதே தனக்கும் ஒன்று வாங்கியிருக்கிறாள். அதே கருப்பு வாட்ச்.

 நீயும் இதைத்தானே சொன்னாய்? என் முழங்கால் போய், மலைச்சரிவில் இறங்க முடியாமல் ஆனபோது. "இனிமே நீ வீட்ல உக்காருடி எர்மிட்டா. நான் விழுந்தா இது தானா ஃபோன் பண்ணும். உன்னைவிட சத்தமா." நான்கூடச் சிரித்தேன்.

அதுவரைக்கும் எத்தனை வருஷம், நீ குனிந்து சுரண்டுவாய், நான் மேலே நின்று கடலையே பார்த்துக்கொண்டிருப்பேன். பெரிய அலை எழும்பினால் ஒரே சொல்: "கடல்!" நீ திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். அப்படியே பாறையோடு பாறையாக ஒட்டிக்கொள்வாய்.

மார்ச் மாதம் நீ தனியாகப் போய் அலையில் விழுந்தபோது அந்த வாட்ச் எனக்கு ஃபோன் பண்ணவில்லை, தினோ. ஃபோனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். அது அடிக்கவே இல்லை.

நவம்பர் 10

நேற்று பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டாள். முழங்கை மட்டும் சிராய்ப்பு. சூப் இரண்டு கிண்ணம் குடித்தாள்.

நவம்பர் 17

உன் வாட்சை அலமாரியிலிருந்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். ஊஷியாவிடம் சொல்லவில்லை. கடிகாரக் கடை பெலர்மீனோ அதைத் திறந்து விளக்கின் கீழே பிடித்தார். உள்ளே பச்சைப் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது.

"ஐம்பது மீட்டர் ஆழம்வரைக்கும் தாங்கும்னு பெட்டியில போட்டிருந்துதே?" என்றேன்.

"அம்மா, அது புது வாட்சுக்கு. அசையாத தண்ணியில வச்சுப் பாத்துட்டு எழுதறது. ஆழத்துக்குப் போறதுக்குக் குடுக்கற சீட்டு இல்ல அது. இதோ பாருங்க, இந்த ரப்பர் வாஷர். இதுதான் எல்லாம். இது இடம் நகந்து, ஊறிப்போய் கிடக்குது. வெந்நீர் காட்டினாரா? சோப்பு? பைப்புல அடிச்சாரா?"

அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

துறைமுகத்துப் பிரஷர் பைப்பு. வேலை முடிந்து வந்ததும் ரப்பர் உடுப்பைக்கூடக் கழற்றாமல், ஒருத்தர் முதுகில் ஒருத்தர் அடித்துக்கொள்வீர்களே. உப்பு போகணும், உப்பு போகணும் என்று. நீ கையை நீட்டி, வாட்சின் மேலேயே, சிரித்துக்கொண்டே. அதுவும் வெந்நீர் வருகிற பைப்பு.

உப்பு அரிக்கும் என்று பயந்துதானே? உன் வாட்ச்மேல் ஒரு பொட்டு உப்பு இருந்ததில்லை.

"விழுந்தப்ப தண்ணி உடனே உள்ள போயிருக்கும்," என்றார் பெலர்மீனோ. பிறகு மூடியை மூடிக்கொண்டே, "அது போகட்டும்மா. வாட்ச் புதுசாவே இருந்தாலும் தண்ணிக்கு அடியிலேருந்து எதுவும் யாரையும் கூப்பிடாது. சிக்னல் தண்ணியைத் தாண்டாது," என்றார்.

என்னிடம் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

நவம்பர் 21

துறைமுகத்துக்குப் போனேன். ஊஷியா கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள், உன்னோடு தொழில் செய்த நம் லிசார்டோ அவள் வாட்ச்மேல் பைப்பைப் பிடிக்கிறான். "நிறுத்துடா!" என்று கத்தினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னக்கா, தண்ணி பில்லு உங்க வீட்டுக்கா வருது?"

"பைப்புல அடிச்சா அதோட வாஷர் போயிடும்டா. குழாய்த் தண்ணியை மெல்ல ஊத்திக் கழுவினா போதும்."

"உப்பை விட்டா அரிச்சிடும்க்கா. எங்கப்பா காலத்துலேருந்து இப்படித்தான் கழுவுறோம்."

"உங்கப்பன் வாட்சா கட்டியிருந்தான்? கைல சுரண்டி மட்டுமே புடிச்சவன்!"

சிரித்தார்கள். ஊஷியா சிரிக்கவில்லை. உடுப்பை மாற்றிக்கொண்டு என்னைப் பார்க்காமல் நடந்தாள்.

நவம்பர் 22

நேற்று வீட்டுக்கு வந்து பெலர்மீனோ வாஷரைப் பற்றிச் சொன்னதைச் சொன்னேன். சொல்லியிருக்கக்கூடாது. சொல்லாமலும் எப்படி இருக்க?

அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். "அப்போ நான் குடுத்த வாட்ச்தான் அப்பாவைக் கொன்னுச்சுங்கறே. நேரா சொல்லேன்."

"நான் அப்படி சொல்லலடி—"

"அது இருக்குன்னு நம்பித்தானே தனியா போனாரு! யார் வாங்கிக் குடுத்தா? நான்தானே?"

எழுந்து போய்விட்டாள். தினோ, எட்டு மாசமா அவ இதை நெஞ்சுல வச்சுக்கிட்டு அலையிறா. நான் பெத்தவ, எனக்குத் தெரியல பாரு. அதனாலதான் உன் கயிறை எடுத்துக்கிட்டுப் பாறைக்குப் போறாளா? வாட்ச் வேலை செய்யும்னு காட்டவா? யாருக்குக் காட்ட?

நவம்பர் 30

நான் படுத்த பிறகுதான் சமையலறைக்கு வருகிறாள். ரொட்டி வாங்கி வந்தேன், ரொட்டி தின்றாள்.

டிசம்பர் 8

கிறிஸ்மஸ் நெருங்குகிறது, பெர்சேபே விலை ஏறுகிறது. பெரிய அலையிலும் எல்லோரும் இறங்குகிறார்கள். என் ஃபோனில் ஊஷியா தன் வாட்ச் இருக்கிற இடம் ஒரு நீலப் புள்ளியாகத் தெரியும்படி வைத்துக் கொடுத்தாள். "இதைப் பாத்துக்கிட்டு இரு, பயம் போயிடும்," என்றாள். அந்தச் சண்டைக்குப் பிறகு நாங்கள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

பயம் போகவில்லை. இப்போது பயத்துக்கு ஒரு நிறம் இருக்கிறது.

டிசம்பர் 12

இன்றைக்கு எழுத்து கோணலாகத்தான் வரும்.

காலையில் வடமேற்கிலிருந்து அலை. வேண்டாம் என்றேன். லிசார்டோ கூட்டமும் போறாங்கம்மா என்று கிளம்பினாள். அவர்கள் போனது கரை வளைவுக்கு உள்ளே, அலை குறைந்த இடத்துக்கு. இவள் புள்ளி நேராக நம் பாறைக்குப் போனது. உன் பாறைக்கு. அங்கேதான் அலை நன்றாக அடிக்கும், அங்கேதான் பெர்சேபே கட்டைவிரல் பருமனுக்கு இருக்கும். நீ சொல்லிக்கொடுத்ததுதானே.

பருப்பை அடுப்பில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் புள்ளி சாம்பல் நிறமாக இருக்கிறது. தொடர்பு இல்லை என்று காட்டுகிறது. தட்டிப் பார்த்தேன். அணைத்துப் போட்டேன். சாம்பல்.

அடுப்பை அணைத்தேனா தெரியல. கம்பை எடுத்துக்கிட்டு ஓடினேன். ஓட்டமா அது, நொண்டி நொண்டி. முள்ளுச்செடியில் பாவாடை கிழிஞ்சுது. தினோ, தினோ, ஒரு தடவை வாங்கிக்கிட்டே, போதும், இவளை வுட்டுடுன்னு யாருகிட்ட சொன்னேன், கடல்கிட்டயா, உங்கிட்டயா?

மலைவிளிம்பில் போய் நின்றேன். இருந்தாள். கீழே, நீ நிற்கிற இடத்திலேயே, குனிந்து, முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு சுரண்டுகிறாள். மூன்று அலை சின்னதாக வந்து போனது. அதற்குப் பின்னால் கடல் பள்ளமாக இழுத்துக்கொண்டு போவது தெரிந்தது. நீ சொல்வாயே, கடல் மூச்சு இழுக்குது என்று.

"கடல்!"

என் குரலா அது? இந்த மார்ச்சிலிருந்து எனக்குள் கிடந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. "கடல்! கடல்! கடல்!"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே பாறையில் ஒட்டிக்கொண்டாள். யார் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது? சின்ன வயசில் என் பக்கத்தில் நின்று பார்த்ததுதான்.

வெள்ளையாக எல்லாம் மூடியது. பாறையே இல்லை.

பிறகு தண்ணீர் வடிந்தது. கருப்பாக ஒரு முதுகு. அசைந்தது.

டிசம்பர் 13

மேலே ஏறி வந்தவளை அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை. ரப்பர் உடுப்போடு கட்டிக்கொண்டேன், நான் முழுக்க நனைந்துபோனேன்.

வாட்சைக் கழற்றிக் காட்டினாள். கண்ணாடிக்குள் நீராவி படிந்திருந்தது. ஒரு பட்டனும் வேலை செய்யவில்லை. "நான் இறங்கறப்பவே அணைஞ்சிருக்கும்போல. பாக்கவே இல்லம்மா," என்றாள்.

பெலர்மீனோ கடைசியாகச் சொன்னதை அப்போதுதான் சொன்னேன். அன்றைக்குச் சண்டையில் அதுவரை போகவே இல்லை. "புதுசா இருந்தாலும் தண்ணிக்கு அடியிலேருந்து கூப்பிடாதாம்டி. நீ குடுத்தது கெட்டது இல்ல. அதை மேலே நின்னு கத்துற ஆளுன்னு நினைச்சோம், நான், உங்கப்பா, நீ, எல்லாரும்."

மலைவிளிம்பிலேயே உட்கார்ந்து அழுதாள். சத்தமாக. நானும்.

பருப்பு கருகி, சட்டி போய்விட்டது.

டிசம்பர் 16

நாளைக்குக் காலையில் கடல் வற்றும், பாறையில் இறங்குவார்கள். லிசார்டோ மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். "விளிம்புல உக்காந்து எங்களுக்கும் சேத்துக் கத்துங்கக்கா. உங்க தொண்டைக்கு வாஷர் தேவையில்ல," என்றான். துறைமுகத்தில் பைப்புக்குப் பக்கத்தில் இப்போது ஒரு வாளி நல்ல தண்ணீர் வைத்திருக்கிறார்கள், வாட்சை முக்கிக் கழுவ. பாதிப்பேர் அதில் கழுவுகிறார்கள். மீதிப்பேர் இன்னும் பைப்புதான்.

ஊஷியா இரண்டு வாட்சையும் ஒன்றாகத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்துவிட்டாள். என் கம்பளிச் சால்வையைத் தேடி எடுத்து, நாற்காலி மேலே போட்டுவிட்டுப் படுக்கப் போனாள்.

ஒன்று மட்டும் கேட்கிறேன், தினோ. அன்றைக்கு அலை எழும்பினபோது, கையில் இருந்ததை நம்பி நின்றாயா? இல்லை, பழக்கத்தில், மேலேயிருந்து நான் கத்துவேன் என்று காது கொடுத்துக்கொண்டு இருந்தாயா?