துருத்திக் கோட்டையில் எஞ்சிய பெயரேடு

நலம் நிலைக்க. ஆறு இருபுறமும் காவல் நிற்கும் துருத்திக் கோட்டையின் தலைவர் நெடுங்கீரருக்கு, உம் கிணறுகள் வற்றாதிருக்கவும் உம் வாயில் உரியோருக்குத் திறந்திருக்கவும் வாழ்த்தி, தண்கரை நாட்டு முதலமைச்சன் அழிசி விடுக்கும் ஓலை. எம் பட்டங்களை முன்போல் வரிசையாக எழுதவில்லை. அவை எமக்கு உரியவை என்று காட்டத் தலைநகரில் இன்று ஓர் ஏடும் இல்லை.

நம் குடிகள் ஒவ்வொருவரின் பெயரும் அடையாளமும், அவர் நுழையத்தக்க வாயில்களும் பெயரேட்டில் உள்ளன என்பதை நீர் அறிவீர். தலைநகரில் இருப்பது தாயேடு. கோட்டைகளில் இருப்பவை சேயேடுகள். தாயேட்டில் உள்ளது சேயேட்டிலும் இருக்க வேண்டும். தாயேட்டில் இல்லாதது சேயேட்டிலிருந்து எடுக்கப்பட்டு அன்றே தீயில் இடப்பட வேண்டும். எந்த ஊர் ஏடு தாய் என்பதை ஆணை ஓலை சொல்லும். அதில் முதலில் எழுதப்படும் ஊரே தாய்.

இப்பணி எயினி என்னும் பெண்ணிடம் இருந்தது. நாலாயிரம் ஏடுகளில் எவர் பெயர் எந்தக் கட்டில் உள்ளது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். சபையில் தன் பெயரைக் கேட்டால் மட்டும் தலை தாழ்ந்துவிடும்.

இளவரசர் பனைமுடியில் கட்டிய புதுக்கோட்டைக்கு ஒரு சேயேடு தேவைப்பட்டது. எயினி வெற்றோலைகளைக் கயிற்றில் கோத்து அங்கே அனுப்பினாள். பின் ஆணை ஓலை எழுதினாள். தலைநகராகிய தண்கரையை முதலிலும் பனைமுடியைக் கடைசியிலும் வைத்தாள். சபையில் மரபும் முறையும் காக்கும் வரிசைநாயகம் தித்தனார் அதை அங்கேயே நிறுத்தினார். கோட்டை திறக்கும் ஆண்டில் எந்த ஓலையிலும் அதன் பெயரே முந்த வேண்டும் என்பது மரபென்றும், இளவரசரின் ஊரை வாலில் கட்ட இந்தப் பெண்ணுக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள் என்றும் கேட்டார். சபை சிரித்தது. யாமும் சிரித்தோம்.

வெற்றேடு தாயாகிவிடும் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அத்தனை கண்களும் அவள்மேல் இருந்தன. எழுத்தாணியை எடுத்துப் பனைமுடியை முதலில் எழுதினாள். தனியே வந்து எம்மிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இரண்டு நாள் எம் வாயிற்படியில் நின்றாள். விருந்து முடியட்டும் என்று காவலன் சொன்னான், நின்றாள். திரும்பிப் போனபோது பெயரேட்டுச் சாலையின் முற்றத்தில் சாம்பல் இருந்தது. அவளுடைய பணியாட்கள் ஆணையை ஒரு குறையுமின்றி நிறைவேற்றியிருந்தனர். மன்னர் பெயர் இருந்த முதல் ஏடும் போயிற்று.

கிழக்கு, மேற்கு, வடக்குக் கோட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக மறுவோலை வந்தது. எல்லாவற்றையும் எரித்துவிட்டோம் என்று பணிவோடு எழுதியிருந்தார்கள்.

மேற்குக் கோட்டையில் அறுவடைக்குப் போனவர்கள் ஆற்றில் வெள்ளம் வரக்கண்டு ஓடி வந்தனர். காவலன் ஏட்டைப் பார்த்தான். எவர் பெயரும் இல்லை. நேற்று என் மோரை வாங்கிக் குடித்த வாய்க்கு இன்று என் பெயர் மறந்துவிட்டதா என்று மோர் விற்கும் காரி என்பவள் கேட்டாளாம். வாய்க்குத் தெரியும், ஏட்டுக்குத் தெரியவில்லையே என்று அவன் அழுதானாம். வாயில் திறக்கவில்லை. பதினேழு பேரை வெள்ளம் கொண்டுபோயிற்று. அப்பதினேழு பெயர்களை எழுதி வைக்கவும் எமக்கு ஏடில்லை. எயினி அவற்றைத் தன் நினைவிலிருந்து சொன்னாள்.

இனி எஞ்சியிருப்பது உம் ஏடு ஒன்றே. அதை எரிக்கச் சொல்லும் ஆணையோடு எம் தூதன் ஆறு நாள் முன்னரே புறப்பட்டுவிட்டான். வெள்ளத்தால் ஓடம் நின்றிருந்தால் அவன் இன்னும் உமக்கு எதிர்க்கரையில் இருக்கலாம். வெள்ளம் வடிவதாகவே செய்தி வருகிறது.

ஓடம் வேண்டாத மலைவழியில் தானே இவ்வோலையைக் கொண்டுபோவதாக எயினி சபையில் உரக்கச் சொன்னாள். அவள் குரலைப் பலர் அன்றுதான் கேட்டனர். இவ்வோலையின் சொல் எம்முடையது, எழுத்து அவளுடையது. தன் பெயர் வந்த இடங்களில் எல்லாம் அவள் கை நின்று நின்று எழுதியது.

ஆகவே ஆணையிடுகிறோம். முன் வந்த ஓலையை நிறைவேற்றற்க. உம் ஏடே இனித் தாயேடு. ஆணைகளில் துருத்தியை முதலில் எழுதுக, இளவரசரே சினந்தாலும் மாற்றற்க. அதைப் படியெடுத்து எல்லாக் கோட்டைகளுக்கும் அனுப்புக. படி சென்றடைந்து, ஏடுகள் இரு முனையிலும் எண்ணப்படும் வரை எங்கும் எதையும் தீயில் இட வேண்டா.

பெயர் இல்லாதவர் எம்முத்திரையோடு வந்தாலும் உள்ளே விடலாகாது, அவர் கையிலிருந்து ஓலை வாங்கவும் ஆகாது என்பது எம் விதியே. உம் வாயிலில் நிற்பவளை உம் ஏட்டில் தேடுக. முப்பத்தோராம் கட்டு, ஒன்பதாம் ஏடு. எயினி, இடப்புருவத்தில் தழும்பு. அந்த ஏடு இருந்தால் அவள் உள்ளே வருவாள், நீர் இதைப் படிப்பீர். அது எரிந்திருந்தால் அவள் வெளியே நிற்பாள், இதை எவரும் படிக்கப்போவதில்லை. யாம் இரண்டாவதையே எதிர்பார்த்து எழுதுகிறோம்.

அவள் அதிகம் பேசமாட்டாள். காவலர் பொறுமையாகக் கேட்க.

தண்கரை அரண்மனையில் இடப்பட்டது இம்முத்திரை. இதற்கு உம் ஏடே சாட்சி.