சீனத்து ஞானியும் ராபின்சனின் பாஸ்போர்ட்டும்

6.9.1976, திங்கள்

பள்ளிக்கூட வாசலிலேயே வாசகசாலை செயலாளர் பொன்னுதாஸ் அண்ணன் என்னைப் பிடித்துக்கொண்டார். ஆண்டுவிழாவில் பேச ஒத்துக்கொண்ட நெய்யாற்றின்கரை வக்கீலுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம். "டீச்சரு பேசணும். பண்டைச் சீனத் தத்துவமும் இன்றைய சமுதாயமும். வக்கீலுக்க தலைப்பாக்கும், மாத்த முடியாது."

எனக்கென்ன தெரியும் என்றேன். "வாசகசாலையில உள்ள அந்தச் சீனத் தத்துவப் புத்தகத்த இதுவர எடுத்துட்டுப் போனது டீச்சரு ஒராளு மட்டும்தான். ரெஜிஸ்டர்ல உண்டு" என்றார். மழைக்கு ஒதுங்கிய அன்று கையில் அகப்பட்டதை எடுத்தேன். பாதிதான் படித்தேன். ஆனாலும் தலையாட்டிவிட்டு வந்தேன். என் கேடு!

9.9, வியாழன்

இன்று நான் பள்ளிக்குப் புறப்படும் முன்னே என் வீட்டுக்காரருடைய பாஸ்போர்ட் விசாரணைக்குப் போலீஸ்காரர் ஈசாக் வந்தார். துபாயில் வெல்டிங் வேலை ராபின்சனுக்குக் காத்திருக்கிறது. ஈசாக் நல்லபடி எழுதினால்தான் பாஸ்போர்ட். வருகிற வழியில் தெருமுக்கில் போஸ்டரைப் பார்த்திருக்கிறார். நீல மை தீர்ந்துபோய், பொன்னுதாஸ் அண்ணன் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறார். 'சீன' மட்டும் பூசணிக்காய் அளவு. கீழே 'சுகிர்தபாய் டீச்சர்'.

"டீச்சரே, சீனா பார்ட்டியா?"

"ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தின சீனா, சாரே."

"எந்த வருசத்து சீனாண்ணு ஃபாரத்தில கேக்கல்லியே."

கூட்டத்தை நிறுத்திவிடலாம் என்றார் என் வீட்டுக்காரர், கையைக் கட்டிக்கொண்டு. ஈசாக் விடவில்லை: "நிறுத்தினா, ஏன் நிறுத்தினாங்கண்ணு அதையும் எழுதணும். நான் கேக்க வாறேன். கேட்டுட்டு எழுதுதேன்."

அவர் போனதும் இவர் குதித்தார். "ஒனக்க சீனாக்காரன் எனக்க துபாயில மண்ணள்ளிப் போட்டுட்டான்!" மத்தியானம் சாப்பிடவில்லையாம். நாலு மணிக்கு மீன்குழம்பை வழித்துச் சாப்பிட்டார்.

18.9, சனி

நாளைக்குப் பேச்சு. கெட்ட அரசனை வானமே கைவிடும் என்று ஒரு ஞானி சொல்கிறார். அவசரநிலை நேரத்தில், போலீஸ்காரரை முன்னால் உட்காரவைத்துக்கொண்டு இதைச் சொல்லவா? எழுதியதை அடித்தேன். அரசன் சும்மா இருந்தாலே நாடு நன்றாயிருக்கும் என்கிறார் இன்னொருவர். ஐயோ, அதையும் அடித்தேன். (இந்தப் பக்கத்தையே கிழித்துவிட வேண்டும்.)

கடைசியில் தேறியது ஒன்று: பெற்றோர் உயிரோடு இருக்கையில் மகன் தூரதேசம் போகலாகாது. இதில் என்ன ஆபத்து? அதற்குப் பிறகும் ஒரு வரி உண்டு. நீளும் என்று விட்டுவிட்டேன்.

19.9, ஞாயிறு

போச்சு. எல்லாம் போச்சு.

ஈசாக் முன்வரிசையில், நோட்டும் பென்சிலுமாக. நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன். அந்த வரியை மைக்கில் சொன்னதுதான் தாமதம், பெண்கள் பக்கத்திலிருந்து என் மாமியார் ஆனந்தபாய் எழுந்து நின்றார்.

"கேட்டியாலே ராபின்சா! நாம குடியிருக்கிய பத்து சென்ட் குடிகிடப்பு மண்ணுக்குப் பட்டயம் கிடைச்சு நாலு வருசம் ஆவல்ல. மண்ண விட்டுட்டு மணலுக்கு ஓடப் பாக்கியே! சீனாக்காரனே செல்லியாச்சு, போவண்டாம்!"

மஸ்கட்டிலும் குவைத்திலும் பிள்ளைகள் நிற்கிற தாய்மார் அத்தனை பேரும் கைதட்டினார்கள். பையன்கள் கூவினார்கள். பொன்னுதாஸ் அண்ணன் ஓடிவந்து நன்றியுரை சொல்லிவிட்டார். எனக்குப் பின்னால் பேச இன்னும் மூன்று பேர் இருந்தார்கள்.

20.9

இவர் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் மாமியிடம்தான் கேட்கிறார்.

28.9, செவ்வாய்

ஈசாக்கைச் சந்தையில் பார்த்தேன். "சர்க்காருக்கு எதிரா ஒண்ணுமில்லண்ணு எழுதியாச்சு. ஆனா டீச்சரே, அண்ணைக்கு எனக்க அம்மையும் வந்திருந்தா. எனக்கு நெடுமங்காட்டுக்கு டிரான்ஸ்பர், ரெண்டு பஸ்ஸு மாறினா போரும். தூரதேசமாக்கும், போவண்டாம்ணு சோறு திங்காம இருக்கா."

22.10, வெள்ளி

பாஸ்போர்ட் வந்தது. மாமி தபால்காரர் கையிலிருந்தே வாங்கி, பட்டயம் இருக்கும் டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார். "வேதமும் சீனாவும் ஒண்ணாச் செல்லுது. பொறவு என்னலே?" இவர் முற்றத்தில் போய் நின்றார். அந்த முதுகைப் பார்க்க முடியவில்லை.

24.10, ஞாயிறு

சர்ச்சில் மண்டியிட்டபோதும் அந்த விட்ட வரிதான். நீளும் என்று விட்டேனாம்! ஒரே ஒரு வரி. எவ்வளவு நீளும்? சுகிர்தபாய், பொய் சொல்லாதே. இவர் போகக்கூடாது என்றுதானே விட்டாய்? ஆமா. போகக்கூடாதுண்ணுதான். எனக்கு இந்த மனுசன் இல்லாம வீட்டில இருக்கத் தெரியாது. அத வாயால செல்ல மானக்கேடு. சீனாக்காரனுக்க வாயால செல்ல வச்சேன்.

சாயங்காலம் மாமியிடம் சொன்னேன். "மாமி, அதுல மீதி ஒரு வரி உண்டு. போனா, போன இடம் இன்னதுண்ணு வீட்டில தெரிஞ்சிருக்கணும். அப்பிடிண்ணா போலாமாம்."

மாமி என் பக்கம் திரும்பினார். "அண்ணைக்கு ஏன் செல்லல்ல?" முற்றத்தில் நின்ற இவரைப் பார்த்தேன். மாமியும் பார்த்தார். மடியிலிருந்து சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "நீயே எடுத்துக் குடு."

கொடுத்தேன். ராத்திரிச் சாப்பாட்டில் இவர் உப்பு வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.

12.1.1977, புதன்

துபாயிலிருந்து முதல் கடிதம். முதல் பக்கம் முழுக்க விலாசம்: கம்பெனி, ரோடு, எதிரே உள்ள பள்ளிவாசல், ஷெட், எட்டுப் பேர் படுக்கிற அறை, சன்னலோரம் மேல்கட்டில். மாமி மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். "கட்டிலுக்க நம்பர எழுதல்லியே" என்றார்.

நான்காம் தரம் எனக்காக வாசித்தேன். மேல்கட்டிலுக்கு வந்ததும் எழுத்து கலங்கிவிட்டது. மாமி பார்த்துவிட்டார். முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார்.

"போனவனுக்கு உள்ளதச் செல்லியாச்சு. இருக்கியவளுக்கு அந்த சீனாக்காரன் ஒண்ணும் செல்லல்லியா மக்கா?"

பாதிதான் படித்திருக்கிறேன் என்றேன். நாளைக்குப் பள்ளி விட்டதும் வாசகசாலைக்குப் போகவேண்டும். மாமியும் கூட வாறாராம்.