நீ கேட்ட புத்தகத்தை ஏன் அனுப்பவில்லை

ஆனையூர், மதுரை
18.7.1999

என் தங்கம் மீனாவுக்கு அம்மா எழுதுவது. மீனாட்சி புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் பேரன் கதிரும் கனடாவில் மேலுக்குச் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் எந்நேரமும் என் நினைப்பு. அப்பாவுக்குச் சர்க்கரை குறைந்திருக்கிறது, ஆனாலும் ஒளித்து வைத்து மிக்சர் தின்கிறார். கதிருக்குப் படித்துக் காட்ட நீ கேட்ட பழைய தீவுக் கதைப் புத்தகத்தைப் பரணிலிருந்து எடுத்துத் துடைத்தும் வைத்தார், ஆனால் நான் அதை அனுப்பப் போவதில்லை. கோபப்படாதே, நடந்ததைக் கேள்.

நம் மாடியில் ஒட்டியேனோ என்று கென்யா நாட்டுப் பையன் குடியிருக்கிறான், இங்கே காலேஜில் படிக்கிறான் என்று எழுதியிருந்தேனே. உன் அண்ணன் மகள் தேன்மொழி அவனை மாடி மாமா, மாடி மாமா என்று விடவே மாட்டாள், அவன் தோளில் ஏறித்தான் முருங்கைக்காய் பறிப்பாள். போன வாரம் அப்பா அவளுக்கு அந்தப் புத்தகத்தைப் படித்துக் காட்டினார், உனக்குச் செய்தது போலவே குரலை மாற்றி மாற்றி. உனக்கு நினைவிருக்கும், கன்னங்கரேலென்று நாலைந்து பேர், மூக்கில் எலும்பு, சிவந்த பெரிய உதடு, கப்பலில் வந்தவரை அண்டாவில் போட்டு வேகவைப்பார்கள். நீ காய்ச்சலில் கிடந்தபோதுகூட அந்தப் பக்கத்தைத்தான் திருப்பச் சொல்லிச் சிரிப்பாய், நானும் கூடச் சிரித்தவள்தான். மறுநாள் ஒட்டியேனோ தண்ணீர்க் குடத்தோடு இறங்கி வந்ததும் தேன்மொழி, அப்பத்தா, மாமா என்னைய அண்டாவுல போட வாராரு என்று அலறிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடி வந்துவிட்டாள். அவன் விளையாட்டென்று நினைத்துச் சிரித்தான், கீழே கிடந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினான், அந்தப் பக்கத்தில் கை நின்றுவிட்டது. அம்மா, இது நாங்க இல்ல என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லி, தண்ணீர் பிடிக்காமலே மேலே போய்விட்டான்.

அப்பாவிடம் சொன்னால், வெறும் பொம்மைப் படத்துக்கு இம்புட்டுப் பேச்சா, நம்ம மீனா இதப் படிச்சுக் கெட்டா போனா என்கிறார். நீ கெடவில்லைதான். ஆனால் நாம் சிரித்தபோது இந்தப் பிள்ளை நம் வீட்டில் இல்லை, அவ்வளவுதானே மீனா. மனசு கேட்காமல் தேன்மொழியைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன். அவள் என் முந்தானைக்குள் ஒளிந்துகொண்டாள். அவள் பயப்படக் கூடாதென்று அவன் தள்ளிப்போய்த் தரையில் உட்கார்ந்து, பள்ளிக்கூட உடுப்பில் இருந்த தன் தங்கச்சி போட்டோவை எங்கள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் உற்றுப் பார்த்துவிட்டு, இந்த அக்காவும் ஆளத் திங்குமா அப்பத்தா என்றாள். அவனுக்கு அது பிடிபடவில்லை, பாப்பா என்ன சொல்லுது என்று ஆசையாகக் கேட்டான். ஒந் தங்கச்சி அழகா இருக்குன்னு சொல்றா தம்பி என்றேன். அவன் முகம் மலர்ந்ததைப் பார்க்க மாட்டாமல் இறங்கி வந்துவிட்டேன்.

புத்தகத்தைக் கிழிக்க அப்பா விடவில்லை. எனக்கும் கை வரவில்லை, நீ பல் முளைத்தபோது கடித்த ஓரம் அதில் அப்படியே இருக்கிறது. கதிருக்கு எதை வாங்கினாலும் முதலில் படத்தைப் பார், அதில் இருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நமக்குச் சிரிப்பு வருமா என்று யோசி. தேன்மொழி இன்னும் மாடி ஏற மாட்டேன் என்கிறாள். சாயங்காலம் அவளோடு முதல் படியில் உட்கார்ந்திருக்கிறேன், இப்போதைக்கு அவ்வளவுதான் முடிகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல், இரும்புச் சத்து மாத்திரையை மறக்காதே. மூன்று பேரையும் அழகர் குளிரக் காப்பார்.

உன் அம்மா
அன்னக்கொடி